மூக்கில்லாத அழகி

பூனையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதப் போகின்றோம் என்றபோது, ஆசிரியர் அறையில் எமக்கு எதிரே அமர்ந்திருந்த நண்பர் வாய்விட்டு நகைத்தார். “அரிசி விற்கும் விலையில் எழுதுவதற்கு வேறு பொருள் கிடைக்கவில்லையா?” என்றார். அவர் வினாவில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் சாய்ந்தமருதில் எம் பழைய மாணவன் ஒருவனது வீட்டில் நாம் கண்டது எம் மனத்தை விட்டு அகல மறுக்கின்றது. எழுதித் தீர்ப்பதன்றி ஆசிரியத் தொழிலில் உள்ளவனுக்கு வேறு வழி ஏது?

கல்முனைக் கரையோரத்து ஊர்களை அறிந்தவர்க்கு இங்குள்ள பூனைகளை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மருதமுனையில் தறிக் கொட்டிலின் மூலையில் உறங்குவதும், கல்முனைச் சந்தையில் மீன் வெட்டுபவரின் காலடியில் காத்திருப்பதும், கரைவலை இழுபடும் வேளையில் மணலில் அமர்ந்து கடலையே பார்த்திருப்பதும், நிந்தவூரில் மதிலின்மேல் வெயில் காய்வதும் ஒரே குலத்தைச் சேர்ந்தவையே. ஒல்லியான உடல், நீண்ட கால்கள், கூரிய முகம், குட்டையான உரோமம். நாயை வாசலோடு நிறுத்திவிடும் முஸ்லிம் இல்லங்களிலும் பூனைக்கு அடுப்படி வரை உரிமை உண்டு. அதற்கு மார்க்க ஆதாரமும் உண்டென்பதை அம்மாணவனின் வாப்பாவே எமக்கு விளக்கினார். பூனை அசுத்தப் பிராணியன்று, வீட்டாரைச் சுற்றிவரும் உயிர்களுள் ஒன்று என்ற கருத்தில் நபிகள் நாயகம் அருளியதாக ஹதீஸ் உண்டாம். நாயகத்தின் தோழர் ஒருவர் அபூஹுரைரா என்று பூனைக்குட்டியின் பெயராலேயே அழைக்கப்பட்டவர். பூனையொன்றைக் கட்டிவைத்து, தானும் உணவிடாது, தேடித் தின்னவும் விடாது சாகவிட்ட பெண் ஒருத்தி அதன் பொருட்டு நரகம் புகுந்த செய்தியும் உண்டு. இவற்றையெல்லாம் அவர் சொல்லிக்கொண்டிருக்கையில் பக்கத்து மெத்தை நாற்காலியில் ஏதோ குறட்டை விடும் ஒலி கேட்டது.

திரும்பிப் பார்த்தோம். வெண்பனிக் குவியல் போன்ற பூனையொன்று படுத்திருந்தது. பெயர் சுல்தானா. கட்டாரில் தொழில் புரியும் மூத்த மகன் அனுப்பிய பணத்தில் கொழும்பிலிருந்து வாங்கி வந்த பேர்சியன் பூனை. அதன் விலை எம் மாதச் சம்பளத்தின் பெரும்பகுதியை விழுங்கத்தக்கது. செப்பு நிறத்தில் உருண்ட கண்கள், கைகொள்ளாத உரோமம். மூக்கோ இரு கண்களுக்கும் நடுவே ஒரு பொத்தானைத் தைத்து வைத்தாற்போல இருந்தது. பக்கவாட்டில் நோக்கினால் நெற்றி, மூக்கு, மோவாய் ஆகிய மூன்றும் ஒரே செங்குத்துக் கோட்டில் நின்றன. கண்களின் உட்கோணத்திலிருந்து கபில நிறத்தில் இரு கோடுகள் வாய்வரை இறங்கியிருந்தன. “அழகாகத்தான் இருக்கின்றாள்” என்று நாமும் சொன்னோம். அதை இங்கே மறைப்பதற்கில்லை.

மாணவனுக்கு மகிழ்ச்சி தாளவில்லை. “சேர், கொழும்பில இதைவிட முகம் தட்டையான கடுவன் ஒன்று இருக்கு. சோடி சேர்த்தா குட்டிக்கு நல்ல விலை போகும்” என்றான். பட்டம் பெற்று இரண்டாண்டுகளாக வேலைக்குக் காத்திருப்பவன் அவன். குட்டி விற்றுவரும் பணத்தில் கணினி வகுப்பொன்றைத் தொடங்குவது அவன் திட்டம். எம் இளைய மகளுக்கு ஒரு குட்டி வேண்டுமென்று நாமும் அன்றே சொல்லி வைத்தோம். பணங்கொடுத்து வாங்க முன்வந்தோரில் நாமும் ஒருவர் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்திருத்தல் நன்று.

மூலையில் பாக்கு இடித்துக்கொண்டிருந்த அவனது உம்மம்மாவுக்கு மாத்திரம் இது சரிப்படவில்லை. “என்ன மாஸ்டர், மூக்கில்லாத புள்ளைய ஆராச்சும் சல்லி குடுத்து வாங்குவாங்களா?” என்று கேட்டார். அனைவரும் சிரித்தோம்.

அந்தக் குறட்டையின் காரணத்தைப் பின்னரே தேடிப் படித்தோம். பூனையின் மூக்கு வெளியே தெரியும் நுனி மாத்திரமன்று. அதன் பின்னே மெல்லிய சுருள் எலும்புகள் அடுக்கடுக்காக அமைந்த அறையொன்று உள்ளது. உள்ளே செல்லும் காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசு நீக்கி நுரையீரலுக்கு அனுப்புவது அவ்வறையின் வேலை. முகத்தைத் தட்டையாக்கும்போது எலும்பு குறுகுகின்றது. அவ்வெலும்புக்குள் அடங்கவேண்டிய மென்மையான தசையும் சவ்வும் அதே அளவிற் குறுகுவதில்லை. பெரிய பாயைச் சிறிய பெட்டியில் திணித்த கதைதான். நாசித்துவாரங்கள் வெறுங்கீற்றுகளாகின்றன. கண்ணீரை மூக்கினுள் வடிக்கும் நுண்ணிய குழாய் மடிந்து வளைந்துவிடுவதால் கண்ணீர் முகத்தில் வழிகின்றது. நாம் கண்ட கபிலக் கோடுகள் அவையே. கண்குழி ஆழமிழக்கின்றது, விழி வெளியே தள்ளுகின்றது, இமை முழுதாக மூடாதபோது கருவிழியின் மேற்படலம் உலர்ந்து புண்ணாகின்றது. தாடைகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் பற்கள் நெருக்குண்டு கோணுகின்றன. இரையை வாயால் எடுப்பதே சிலவற்றுக்குப் பெரும்பாடு.

2016 ஆம் ஆண்டு பிரித்தானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வொன்றில், பூனை வளர்ப்போரிடமிருந்து படங்களைப் பெற்று முகத்தின் நீளத்தை அளந்து, அப்பூனைகள் மூச்சுவிடும் தன்மையோடு ஒப்புநோக்கினர். முகம் தட்டையாகுந்தோறும் மூச்சுத் தொல்லையும் மிகுவதாகவே கண்டனர். மிகத் தட்டையான முகமுடைய பேர்சியன்களின் மண்டையோட்டைப் படம்பிடித்து ஆராய்ந்த ஜேர்மன் மிருக வைத்தியர்கள், மூளையிருக்கும் இடமே குறுகி, மூளைக்குள் நீர் தேங்கும் நிலையையும் கண்டுள்ளனர்.

இவையெல்லாம் குளிர்நாட்டு ஆய்வுகள். எம் கரையோரத்தில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் நண்பகலில் வெளியே நின்றவர்க்கு மற்றதைச் சொல்ல வேண்டியதில்லை. பூனைக்கு மனிதரைப் போல் உடல் முழுதும் வியர்ப்பதில்லை. நிழலைத் தேடும், உரோமத்தை நக்கி ஈரமாக்கி, அந்த ஈரம் உலர்வதால் குளிர்ச்சி பெறும், தாளாதபோது வாயைத் திறந்து இரைக்கும். சுல்தானாவின் உரோமமோ நாவுக்கு எட்டாத காடு. மூச்சோ முன்னரே பாதி அடைபட்டது. 2022 ஆம் ஆண்டு பங்குனியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்சாரம் தடைப்பட்ட நாட்கள் எவர்க்கும் மறந்திரா. அந்நாட்களில் சுல்தானா குளியலறைச் சீமெந்துத் தரையில் வயிற்றை ஒட்டிப் படுத்து வாய் திறந்து இரைத்ததையும், வீட்டார் முறைவைத்து ஓலை விசிறியால் வீசியதையும் மாணவனின் உம்மா எமக்குச் சொன்னார். நரகம் புகுந்த பெண்ணைப் போன்றவர்கள் அல்லர் அவர்கள். தாம் உண்ணுமுன் அதற்கு மீன் அவித்து முள் நீக்கி ஊட்டியவர்கள். துன்பம் அவ்வீட்டில் உண்டானதன்று. வாங்கும்போதே அதன் முகத்தில் இருந்தது.

அந்த முகம் எப்படி வந்தது? இயற்கையில் வந்ததன்று. பேர்சியன் என்ற பெயரே ஓரளவு பொய். பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பாரசீகம் வழியாகப் பயணஞ்செய்த இத்தாலியப் பயணி பியெத்ரோ தெல்லா வல்லே நீண்ட உரோமமுடைய பூனைகளைக் கண்டு வியந்து தம் நாட்டாருக்கு அறிவித்தார் என்பது வரலாறு. ஆயினும் இன்றைய பேர்சியன் பூனையின் பரம்பரையலகுகளை ஆராய்ந்தோர் அது பாரசீகத்துப் பூனைகளைக் காட்டிலும் மேற்கைரோப்பியப் பூனைகளுக்கே நெருங்கிய உறவு என்கின்றனர். நம்மூரில் ‘பட்டணத்து மாம்பழம்’ என்று சொல்லி விற்கும் பழம் பக்கத்து வளவில் காய்ப்பதில்லையா?

1871 ஆம் ஆண்டு ஆடித் திங்களில் இலண்டன் பளிங்கு மாளிகையில் முதலாவது பெரும் பூனைக் கண்காட்சி நடைபெற்றது. அதனை அமைத்தவர் ஹரிசன் வியர் என்ற ஓவியர். வீதியில் கல்லடிபடும் எளிய பிராணியின் அழகை மக்களுக்குக் காட்டி, அதன்மேல் இரக்கம் பிறக்கச் செய்வதே அவர் நோக்கம். அக்காலப் படங்களிற் காணப்படும் நீளுரோமப் பூனைகளுக்கு ஒழுங்கான மூக்கு உண்டு. எனினும் கண்காட்சியோடு பரிசு வந்தது. பரிசோடு இலட்சணப் பட்டியல் வந்தது. பட்டியலில் ‘குட்டை மூக்கு’ என்று ஒரு சொல் எழுதப்பட்டால், அடுத்த ஆண்டு அதனினும் குட்டையான மூக்கே பரிசு பெறும். அதற்கடுத்த ஆண்டு அதுவும் போதாது. வியர் தம் முதிய வயதில், சங்கத்தார் பூனையின் நலத்தைவிடப் பதக்கத்தையே பெரிதாகக் கருதுகின்றனர் என்று மனம் நொந்து விலகிக்கொண்டார். நல்ல எண்ணத்தில் வித்திட்டவர் அதன் விளைச்சலைக் கண்டு வருந்திய கதைகள் எம் கல்விக் களத்திலும் உண்டு. பரீட்சைப் பெறுபேற்றுப் பட்டியலைப் பற்றி இங்கே பேசப் புகுந்தால் கட்டுரை திசைமாறிவிடும்.

அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பீக்கிங் நாயின் முகத்தை ஒத்த பேர்சியன்கள் தனிப்பிரிவாகவே வளர்க்கப்பட்டன. பிற்பட்ட பத்தாண்டுகளில் அத்தட்டை முகமே பொதுவான முகமாயிற்று. அமெரிக்கச் சங்கமொன்றின் இலட்சணக் குறிப்பு, நெற்றியும் மூக்கும் மோவாயும் செங்குத்தாய் ஒரே கோட்டில் அமையவேண்டும் என்றே விதிக்கின்றது. பிரித்தானியச் சங்கமோ, மூக்கு நுனியின் மேல் விளிம்பு கீழ் இமையின் விளிம்புக்கு மேலே உயர்ந்தால் அது குறை என்று கருதுகின்றது. ஒரே பிராணிக்கு ஒரு கரையில் இலட்சணம், மறு கரையில் அவலட்சணம்! தெற்காசியச் சந்தையில் விற்போர் இவற்றைப் பொம்மை முகம், ‘பஞ்ச்’ முகம் என்று வகுத்து, பின்னதற்கே அதிக விலை கூறுகின்றனர். பஞ்ச் என்றால் குத்து. குத்து வாங்கிய முகம் என்று விற்பவரே உண்மையைச் சொல்லித்தான் விற்கின்றார். வாங்குகின்ற நாம் தாம் அதைச் செவிமடுப்பதில்லை.

இங்கே உயிரியல் கற்கும் மாணவர்களுக்கு ஒரு செய்தி. பேர்சியன் பூனைகளிடையே சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் பெருகும் நோயொன்று பரம்பரையாக வருகின்றது. இது ஆட்சியுடைய பரம்பரையலகால் வருவது. ஆதலின் தாய் தந்தை இருவருள் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். பிறக்கும்போதே கட்டிகள் நுண்ணியவாய் இருக்கும். பெரும்பாலும் நடுவயதிலேயே நோய் வெளிப்படும். அதற்குள் அப்பூனை பலமுறை ஈன்று முடித்திருக்கும். பல நாடுகளிற் பரிசோதித்தபோது மூன்றிலொரு பங்குக்கும் மேற்பட்ட பேர்சியன்களில் இந்நோய் காணப்பட்டது. 2004 ஆம் ஆண்டு கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆய்வாளர்கள் அதற்குக் காரணமான விகாரத்தைக் கண்டறிந்தனர். அதன்பின் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தடவிச் சோதித்து, நோயுள்ள பூனைகளைச் சோடி சேர்க்காது விடுவதால் நோயைக் குறைக்க வழி பிறந்தது.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் எமக்கு விடயம் விளங்கிற்று. சிறுநீரக நோயை எவரும் விரும்பவில்லை. நெருங்கிய உறவுக்குள்ளேயே மீண்டும் மீண்டும் இனஞ்சேர்த்ததால் அது கள்ளனைப்போல் கூடவே நுழைந்தது. ஆதலின் விஞ்ஞானம் அதைப் பிடித்துக் கொடுத்ததும் வளர்ப்போர் அதை வெளியேற்ற முயன்றனர். முகமோ அப்படி நுழைந்ததன்று. வாசலில் கோலமிட்டு அழைத்துவந்தது. மூச்சுத் திணறலும் கண்ணீரும் அம்முகத்திற்கு நேர்ந்த விபத்துகள் அல்ல; நாம் அழகென்று பெயரிட்டதன் மறுபெயர்கள். எந்தச் சோதனைச்சாலை வந்து இதைத் தீர்த்துவைக்கும்?

பேர்சியனோடு கதை முடிவதில்லை. 1961 ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்தில் கூப்பர் அங்கஸ் என்ற சிற்றூரின் அருகேயுள்ள பண்ணையில், வில்லியம் ரொஸ் என்ற இடையர் சூசி என்னும் வெள்ளைப் பூனையைக் கண்டார். அதன் காதுகள் முன்புறமாக மடிந்து தலையோடு ஒட்டியிருந்தன. ஆந்தைக் குஞ்சு போன்ற அம்முகத்தில் உலகம் மயங்கிற்று. சூசியின் வழித்தோன்றல்கள் இன்று பல நாடுகளில் உள்ளன. அமெரிக்கப் பாடகி டெய்லர் சுவிஃப்ட் இவ்வினத்துப் பூனைகளை வளர்ப்பதால் எம் மாணவியர்க்கும் இது நன்கு தெரிந்திருக்கின்றது. காது ஏன் மடிகின்றது? அதைத் தாங்கவேண்டிய கசியிழையம் வலுவற்றிருப்பதால். கசியிழையம் காதில் மாத்திரமா உள்ளது? மூட்டு தோறும் உள்ளது. காதை மடிக்கும் அதே விகாரம் வாலையும் கணுக்காலையும் விறைக்கச் செய்து, இளவயதிலேயே மூட்டுவாதத்தைத் தருகின்றது. பின்னங்கால்களை முன்னே நீட்டி மனிதரைப்போல் அமரும் அதன் கோலத்தைப் படம்பிடித்து உலகெங்கும் பரப்பி மகிழ்கின்றனர். நோகும் மூட்டில் பாரம் விழாதிருக்கவே அது அவ்வாறு அமர்கின்றதோ என மிருக வைத்தியர்கள் ஐயுறுகின்றனர். பிரித்தானியச் சங்கம் 1970 களின் தொடக்கத்திலேயே இவ்வினத்தைப் பதிவு செய்வதை நிறுத்திவிட்டது. விகாரத்தின் மூலத்தை ஆய்வாளர்கள் கண்டறிந்தது 2016 இல். இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வியாபாரம் தடையின்றி நடந்தது.

மான் தீவின் வாலில்லாப் பூனையிலும் இதே கதை. வாலை இல்லாமற் செய்யும் பரம்பரையலகு சிலவற்றில் முள்ளந்தண்டையும் குலைக்கின்றது. குட்டைக் காற் பூனை, உரோமமற்ற பூனை என்று இன்னும் உண்டு.

மேலைநாடுகள் சில இதற்குச் சட்டம் இயற்றியுள்ளன. ஜேர்மனியின் மிருகப் பாதுகாப்புச் சட்டத்தில், பிறக்கும் குட்டிக்கு வேதனை தரத்தக்கவாறு இனம் பெருக்குவதைத் தடைசெய்யும் தனிப்பிரிவு உண்டு. வதை வளர்ப்பு என்று பொருள்படும் ஒரு சொல்லையே அவர்கள் அதற்கு ஆக்கியுள்ளனர். 1987 ஆம் ஆண்டு ஸ்திராஸ்பேர்க் நகரில் கையொப்பத்துக்கு வைக்கப்பட்ட ஐரோப்பியச் செல்லப்பிராணிப் பாதுகாப்பு உடன்படிக்கையும் இதைக் கவனித்துள்ளது. நெதர்லாந்து ஒருபடி மேலே சென்று, 2026 ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி தொடக்கம் மடிந்த காதுப் பூனையையும் உரோமமற்ற பூனையையும் புதிதாக வைத்திருப்பதற்கே தடை விதித்தது. எம் நாட்டிலோ மிருகவதைத் தடைக் கட்டளைச் சட்டம் 1907 ஆம் ஆண்டு ஆக்கப்பட்டது. மாட்டுக்கு அளவுமீறிப் பாரமேற்றுவோரையும் குதிரையை அடிப்போரையும் மனத்திற்கொண்டு அன்றையோர் அதை எழுதினர். பூனையின் மூக்கை அவர்கள் கனவிலும் எண்ணியிருக்க நியாயமில்லை. 2006 இல் சட்ட ஆணைக்குழு மிருக நலனுக்கெனப் புதிய வரைவொன்றை ஆக்கியது. வரைவுகள் கொழும்பில் உறங்கும் காலத்தைப் பற்றி வாசகர்க்குப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கின்றது?

இனி, அந்த இரவுக்கு வருவோம்.

கொழும்புக் கடுவனோடு சோடி சேர்ந்த சுல்தானா ஒன்பது வாரங்கள் சென்றபின் ஒரு முன்னிரவில் ஈனத் தொடங்கினாள். எம்மிடம் பழைய மோட்டார் வண்டியொன்று இருப்பதை அறிந்த மாணவன் பத்து மணியளவில் அழைத்தான். நாம் சென்றபோது அவள் பழைய சாரமொன்றின்மேல் கிடந்தாள். வாய் திறந்திருந்தது, நாக்கு நீலம் பாய்ந்திருந்தது. முக்கும்போது மூச்சு நின்றது. மூச்சு விடும்போது முக்க முடியவில்லை. நாட்டுப் பூனை ஈனுவதை எம் வளவில் பலமுறை கண்டிருக்கின்றோம். விறகுக் குவியலின் பின்னே ஓசையின்றிச் சென்று, மறுநாள் மெலிந்த வயிற்றோடு மீன்தலை கேட்டு வரும். அதைக் கண்டு பழகிய எமக்கு இக்காட்சி தாங்கவில்லை.

அயலூரில் மிருக வைத்தியர் ஒருவர் உறக்கத்திலிருந்து எழுந்துவந்து கதவைத் திறந்தார். பகலெல்லாம் மாடும் ஆடும் பார்த்துக் களைத்த மனிதர். ஒரு மணி நேரத்துக்கு மேலாகப் பாடுபட்டார். முதற்குட்டியும் இரண்டாவதும் இறந்தே வெளிவந்தன. மூன்றாவதில் உயிர் இருந்தது. “குட்டியின் தலை பெரிது, தாயின் வழி சிறிது. மருந்து இதற்கு என்ன செய்யும்?” என்றார் அவர். பேர்சியன் இனத்தில் ஈற்றுத் துன்பம் ஏனைய பூனைகளைவிட மிகுதி என்றும், அடுத்தமுறை இவ்வாறு நேர்ந்தால் பேராதனைக்குக் கொண்டுசென்று வயிற்றைக் கீறியே எடுக்கவேண்டி வரலாம் என்றும் கூறினார். கல்முனையிலிருந்து பேராதனை மலையேறிச் செல்லும் நெடுந்தூரம். மூச்சுக்குத் திணறும் பூனை அதுவரை தாங்குமா என்பதை அவரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

உயிரோடிருந்த குட்டியைச் சுற்றியிருந்த சவ்வைக் கிழிக்கவோ கொடியைக் கடித்து அறுக்கவோ சுல்தானாவால் இயலவில்லை. மேற்பல்லும் கீழ்ப்பல்லும் சந்திக்கவில்லை. வைத்தியரே அதைச் செய்தார். சைவ, வைணவ நூல்களைப் புரட்டியவர்கள் மார்ச்சால நியாயம் என்பதை அறிவர். குட்டி எம்முயற்சியும் செய்யாதிருக்கத் தாய்ப்பூனை வாயாற் கௌவிக் காப்பதுபோல இறைவன் அடியாரைக் காப்பான் என்பது அது. வகுப்பில் எத்தனையோ முறை இவ்வுவமையை விளக்கியிருக்கின்றோம். கௌவுதற்கு வாய் பொருந்தாத தாயை நாம் அன்றுதான் கண்டோம்.

குட்டி அடுத்த நாள் அஸர் தொழுகைக்கு முன்னர் இறந்தது. முலையைப் பற்றி உறிஞ்சும்போது மூச்சுவிட அதற்கு வழியில்லை. மாணவன் வளவின் தென்னையடியில் குழிதோண்டி மூன்றையும் புதைத்தான். அவனது உம்மம்மா எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எமக்கு ஆறுதலாக இருந்திருக்கும். எம் மகள் அன்றிரவு, “அப்பா, எனக்கென்று கேட்ட குட்டி எது?” என்று கேட்டாள். விடை சொல்லத் தெரியவில்லை.

சில நாட்கள் கழித்து மாணவன் எம்மிடம் வந்தான். கொழும்புக்காரர் கடுவனை மீண்டும் தர ஆயத்தமாயிருப்பதாகவும், இம்முறை பணம் வேண்டாம் என்பதாகவும் சொன்னான். “என்ன செய்ய, சேர்?” என்றான். அவன் வீட்டு நிலையை அறிந்த எமக்கு உபதேசம் எளிதாக வரவில்லை. குட்டியை விற்றுத் தொழில் தொடங்க நினைத்த இளைஞனைக் குற்றவாளி ஆக்குவதில் பயனில்லை. தட்டை முகத்தைக் கேட்டு வாங்கும் கூட்டம் இருக்கும்வரை அவனில்லாவிட்டால் இன்னொருவன். ஆகவே நாம் படித்தவற்றை அவனுக்குச் சொன்னோம். கண்ணின் கீழ் விளிம்புக்குக் கீழே மூக்கு இருக்கவேண்டும், நாசித்துவாரம் திறந்திருக்கவேண்டும், உறங்கும்போது ஒலி வரலாகாது, தாய் தந்தை இரண்டையும் நேரில் பார்க்காமல் குட்டி வாங்கலாகாது என்பன போன்றவை. எமக்குக் குட்டி வேண்டாம் என்பதையும் சொன்னோம். வாங்க நினைத்தவன் பின்வாங்குவது அவனுக்கு எல்லா ஆய்வுகளையும்விடத் தெளிவாக விளங்கியிருக்க வேண்டும்.

பேச்சோடு பேச்சாக அவனுக்கு இன்னொரு செய்தியையும் சொன்னோம். 1984 இல் இத்தாலிய மிருக வைத்தியர் பாவுலோ பெல்லெகாட்டா எம் நாட்டிலிருந்து சாதாரணப் பூனைகள் சிலவற்றைத் தம் நாட்டுக்குக் கொண்டுசென்றார். ஒவ்வொரு மயிரிலும் இருநிறம் மாறிமாறி வரும் மேனியும், நெற்றியில் நாகபடம் போன்ற குறியும் உடைய அவை இன்று அங்கே ‘சிலோன்’ என்ற பெயரில் தனியினமாக மதிக்கப்படுகின்றன. நாம் விறகுக் குவியலிலிருந்து விரட்டுவதை அவர்கள் கண்காட்சியில் வைக்கின்றனர். மாணவன் நம்பவில்லை. சந்தைக்குப் போய் மீன் வெட்டும் இடத்தில் நெற்றிகளைப் பார்த்துவரச் சொன்னோம்.

அவன் முடிவெடுக்குமுன் சுல்தானா முடிவெடுத்துவிட்டாள். பின்கதவு திறந்திருந்த ஓர் இரவு வெளியே போய், காலையில் திரும்பினாள். வளவில் திரியும் செம்மஞ்சள் நாட்டுக் கடுவன் ஒன்றின்மீதே வீட்டாருக்கு ஐயம். மாணவனின் உம்மா அஞ்சி நாட்களை எண்ணிக்கொண்டிருந்தார். நாமும் வண்டிக்கு எரிபொருள் நிரப்பி வைத்தோம். வைத்தியருக்கும் முன்கூட்டியே சொல்லி வைத்தோம். எவர்க்கும் வேலை வரவில்லை. விடிய நான்கு மணிக்குள் மூன்று குட்டிகளும் பிறந்துவிட்டன; கொடியை அறுக்க மாத்திரம் உம்மம்மா தம் பாக்குவெட்டியைக் கொதிநீரில் கழுவி எடுத்துக்கொண்டு வந்தாராம். குட்டிகளுக்கு மூக்கு உண்டு. நீளமென்று சொல்வதற்கில்லை, மூச்சுவிடப் போதும். பால்குடி மறந்தபின் சுல்தானாவுக்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சையும் செய்துவிட்டனர். கணினி வகுப்புக்கான பணத்தை மாணவன் இப்போது பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்துச் சேர்க்கின்றான். அது மெதுவாகத்தான் சேர்கின்றது.

குட்டிகளுக்கு விலை கேட்டு எவரும் வரவில்லை. ஒன்று உம்மம்மாவோடு தங்கிவிட்டது. ஒன்று காரைதீவில் ஓர் உறவற்ற நண்பர் வீட்டுக்குப் போயிற்று. மூன்றாவது, முதுகில் செம்மஞ்சளும் வயிற்றில் வெண்மையுமாக, எம் மேசையில் திருத்தப்படாத விடைத்தாள்களின்மேல் உறங்கிக்கொண்டிருக்கின்றது. ஓசையே இல்லை, இருமுறை எழுந்து குனிந்து பார்த்தோம்.